வெல்டு முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு உடையுற இரும்பு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

ஈசிஆர்ல வண்டியை எடுத்துக்கிட்டு போனா நம்மள்ல பாதிப் பேர் கோவளத்துல நின்னுடுவோம், மீதிப் பேர் மாமல்லபுரத்துல நின்னுடுவோம். கடற்கரைக் கோயில், மீன் வறுவல், போட்டோ, ரிட்டர்ன். இன்னைக்கு அங்க நிக்காம இன்னும் ஒரு பதினஞ்சு கிலோமீட்டர் தெற்கே போகலாம். செங்கல்பட்டு மாவட்டம், கல்பாக்கம். பக்கத்துலயே சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரங்க கட்டின கோட்டை இருக்கிற ஊரு.

கல்பாக்கம்னா எல்லாருக்கும் அணுமின் நிலையம் ஞாபகம் வரும். இன்னைக்கு அணுவைப் பத்திப் பேசப்போறதில்ல. வெல்டிங் பத்திப் பேசப்போறோம். தெரு முனைப் பட்டறையில கிரில் கேட்டுக்கு வைக்கிறாங்களே, அதே வெல்டிங். அதுக்குள்ள யாருக்கும் தெரியாம நுழையுற ஒரு வாயு, நல்லா ஒட்டின இரும்பை ரெண்டு நாள் கழிச்சு எப்படி உடைக்குதுங்கிறதுதான் சப்ஜெக்ட். அந்த வாயு ஹைட்ரஜன்.

2.3 மில்லிமீட்டர்

கல்பாக்கத்துல இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கு. 1971-ல ரியாக்டர் ரிசர்ச் சென்டர்னு ஆரம்பிச்சாங்க, 1985-ல இப்போ இருக்கிற பேர் வந்தது. அவங்க வடிவமைச்ச 500 மெகாவாட் வேக ஈனுலை, பிஎஃப்பிஆர்னு சொல்வாங்க, அங்கேயே கட்டப்பட்டிருக்கு. 2024 மார்ச்ல அதுல கோர் லோடிங் வேலை தொடங்குச்சு.

இந்த உலையில வெப்பத்தைக் கடத்துறது தண்ணி இல்ல, உருகின சோடியம். பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேப்ல சோடியத்தைத் தண்ணில போட்டா என்ன ஆகும்னு பார்த்திருப்பீங்க. படபடன்னு எரியும், சில சமயம் வெடிக்கும். அந்தச் சோடியத்தோட சூட்டை வெச்சுத்தான் தண்ணியை நீராவி ஆக்கி டர்பைனைச் சுத்த வைக்கணும். இதுக்கு ஸ்டீம் ஜெனரேட்டர்னு எட்டு பெரிய கலன்கள் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் 547 ட்யூப். ஒவ்வொரு ட்யூபும் 23 மீட்டர் நீளம். ட்யூபுக்கு உள்ளே தண்ணியும் நீராவியும், வெளியே சோடியம். நடுவுல இருக்கிற இரும்புச் சுவரோட கனம் 2.3 மில்லிமீட்டர். ஒண்ணு மேல ஒண்ணா வெச்ச ரெண்டு ஒரு ரூபா காசை விடக் குறைவு.

ட்யூப் முழு நீளத்துக்கும் ஒரே துண்டு, நடுவுல ஒட்டு கிடையாது. ஆனா ரெண்டு முனையிலயும் தடிமனான ஒரு தகட்டோட அதை வெல்டு பண்ணித்தான் ஆகணும். எட்டுக் கலன், 547 ட்யூப், ரெண்டு முனை. பெருக்கிப் பாருங்க, 8,752 வெல்டு. இதுல ஒண்ணு கசிஞ்சாலும் தண்ணியும் சோடியமும் சந்திச்சுடும்.

இது கற்பனைப் பயம் இல்ல. பிரிட்டன்ல டௌன்ரே-ங்கிற இடத்துல இருந்த வேக உலையில, 1970-கள்ல ஆரம்பிச்சு பல வருஷம் தலைவலி குடுத்தது ட்யூபும் தகடும் சேருற இந்த வெல்டுகள்தான். சோவியத் யூனியன்ல காஸ்பியன் கடலோரம் ஓடின பிஎன்-350 உலையிலயும் 1973-லயே பெரிய கசிவு. அங்கயும் கை காட்டினது வெல்டிங்கைத்தான். அதனால கல்பாக்கத்துக்காரங்க வெல்டைப் பத்தி இவ்வளவு கவலைப்பட்டதுல அர்த்தம் இருக்கு.

ஹைட்ரஜன் எந்த வழியா உள்ளே வருது?

வெல்டிங் ராடைப் பார்த்திருக்கீங்களா? நடுவுல கம்பி, மேல சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு பூச்சு. ஃப்ளக்ஸ்னு பேர். அந்தப் பூச்சு காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். பிரிச்சு வெச்ச அப்பளக் கட்டு மாதிரி. மாமல்லபுரம் கடலோரக் காத்து எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம், காலையில காயப்போட்ட துண்டு சாயங்காலமும் பிசுபிசுன்னு இருக்கும். அப்படி ஒரு ஊர்ல பிரிச்சுப் போட்ட ராடு பாக்கெட் என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

ராடைத் தட்டினதும் ஆர்க் பத்திக்குது. அந்த ஆர்க்கோட சூடு பல ஆயிரம் டிகிரி. அந்தச் சூட்டுல தண்ணி மூலக்கூறு பிரிஞ்சு ஹைட்ரஜன் தனித்தனி அணுவா ஆயிடும். ராடு ஈரம் மட்டுமில்ல. இரும்பு மேல இருக்கிற கிரீஸ், பெயின்ட், துரு, பனித்துளி எல்லாத்துலயும் ஹைட்ரஜன் இருக்கு.

உருகின இரும்பு ஹைட்ரஜனை நல்லா கரைச்சு வெச்சுக்கும். உறைஞ்சு கெட்டியாகும்போது அந்தக் கொள்ளளவு சடார்னு குறையும். ஆனா வெல்டு ரொம்ப வேகமா ஆறுறதால உள்ளே போன ஹைட்ரஜன் எல்லாம் வெளியே வர நேரம் கிடைக்காது. கதவை மூடின பஸ்ஸுக்குள்ள மாட்டிக்கிட்ட கூட்டம் மாதிரி உள்ளேயே நிக்கும்.

எவ்வளவு இருக்கும்? 100 கிராம் வெல்டுக்கு இத்தனை மில்லிலிட்டர்னு அளப்பாங்க. 5 மில்லிலிட்டருக்குள்ள இருந்தா நல்ல, ஹைட்ரஜன் குறைஞ்ச வெல்டு. 5 மில்லிலிட்டர்ங்கிறது ஒரு டீஸ்பூன் வாயு. எடைக்கணக்குல சொன்னா 10 லட்சத்துல 5 பங்கு கூட இல்ல. செல்லுலோஸ் பூச்சு இருக்கிற ராடுன்னா இது பல மடங்கு கூடும். இவ்வளவு கொஞ்சமா இருக்கிற ஒண்ணு, கையளவு கனமான இரும்பை உடைக்குதுங்கிறதுதான் இந்த விஷயத்துல ஆச்சரியம்.

இது புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. 1875-லயே டபிள்யூ. ஹெச். ஜான்சன்னு ஒருத்தர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை குடுத்தார். இரும்புக் கம்பியை அமிலத்துல கொஞ்ச நேரம் முக்கி எடுத்து வளைச்சா, முன்னாடி நல்லா வளைஞ்ச கம்பி பட்டுன்னு உடைஞ்சது. உடைஞ்ச இடத்தை ஈரமாக்கினா நுரை வந்தது. அதே கம்பியைச் சும்மா வெச்சிருந்து, இல்லன்னா லேசா சூடு பண்ணிட்டு வளைச்சுப் பார்த்தா, பழைய குணம் திரும்பி வந்துடுச்சு. அதாவது உள்ளே போனது வெளியே போனா இரும்பு தேறிடும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னைக்கு நாம பார்க்கப்போற எல்லா வைத்தியமும் இதுக்குள்ளதான் இருக்கு.

மூணும் சேரணும்

ஹைட்ரஜன் இருந்தா மட்டும் இரும்பு உடைஞ்சிடாது. அப்படி இருந்தா நம்ம வீட்டு கேட் எல்லாம் எப்பவோ விழுந்திருக்கும். மூணு விஷயம் ஒரே இடத்துல சேரணும்.

முதல்ல ஹைட்ரஜன். ரெண்டாவது, கடினமான, ஆனா நொறுங்கக்கூடிய இரும்பு அமைப்பு. மூணாவது, இழுவிசை.

ரெண்டாவதைக் கொஞ்சம் விளக்கணும். வெல்டுக்கு ஒட்டின பக்கத்து இரும்பு உருகாது, ஆனா பயங்கரமா சூடாகும். ஹீட் அஃபெக்டட் ஸோன்னு சொல்வாங்க. அந்தச் சூடு சுத்தி இருக்கிற கனமான, குளிர்ந்த தகட்டுக்குள்ள வேகமா ஓடிடும். கொல்லன் பழுக்கக் காய்ச்சின அரிவாளைத் தண்ணில முக்குறது மாதிரிதான் இதுவும். இரும்புல கார்பன், குரோமியம், மாங்கனீஸ் எல்லாம் கூடுதலா இருந்தா, இப்படி வேகமா ஆறும்போது மார்ட்டென்சைட்னு ஒரு அமைப்பு உருவாகும். ரொம்பக் கடினம். அரிவாள் முனைக்கு நல்லது, வெல்டு ஓரத்துக்கு ஆபத்து.

மூணாவது, இழுவிசை. வெல்டு ஆறும்போது சுருங்கும். சுத்தி இருக்கிற தகடு சுருங்க விடாது. அதனால வெளியில இருந்து யாரும் இழுக்காமலே, வெல்டு தன்னைத் தானே இழுத்துக்கிட்டு இருக்கும்.

இப்போ நேரத்தைப் பத்திப் பேசலாம். ஹைட்ரஜன் ரொம்பச் சின்ன அணு. சாதாரண ரூம் சூட்டுலயும் இரும்புக்குள்ள மெதுவா நகரும். எங்க இழுவிசை அதிகமோ அங்க போய்ச் சேரும். சின்னப் பள்ளம், ஸ்லாக் மாட்டின ஓரம், இப்படி எங்கெல்லாம் விசை குவியுதோ அங்க. சேர்ந்ததும் அணுக்களுக்கு இடையில இருக்கிற பிடியைத் தளர்த்துது. அது சரியா எப்படி நடக்குதுன்னு விஞ்ஞானிகளுக்குள்ள இன்னும் வாதம் ஓடுது. பிணைப்பையே பலவீனமாக்குதுன்னு ஒரு தரப்பு, அந்த இடத்துல மட்டும் இரும்பை வழுக்க வைக்குதுன்னு இன்னொரு தரப்பு. முடிவு ஒண்ணுதான், விரிசல்.

ஹைட்ரஜன் நடந்து போய்ச் சேர நேரம் ஆகும் இல்லையா? அதனாலதான் இந்த விரிசல் வெல்டு பண்ணும்போது வராது. ஆறி, அடங்கி, எல்லாரும் டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம், சில மணி நேரம் கழிச்சு, சில சமயம் ரெண்டு நாள் கழிச்சு வரும். கோல்டு கிராக், டிலேடு கிராக்னு ரெண்டு பேர் இருக்கு. ரெண்டும் பொருத்தம்தான்.

சனிக்கிழமை சாயங்காலம், கேட்ல லாரி

நான் படிச்சு முடிச்சதும் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனில ட்ரெயினியா இருந்தேன். பேர் வேண்டாம். அங்க ஒரு ஆர்டர், 40 மில்லிமீட்டர் கனமான ஹை டென்சைல் தகட்டுல ஆறு தூக்கு பிராக்கெட். கிரேன் கொக்கி மாட்டி பெரிய மெஷினைத் தூக்குறதுக்கு. உடைஞ்சா கீழே நிக்கிறவங்க கதி என்னன்னு நான் சொல்லத் தேவையில்ல.

ஐப்பசி மழை நேரம். சனிக்கிழமை மத்தியானம் கடைசி வெல்டு முடிஞ்சது. சாயங்காலம் டிபி டெஸ்ட், அதாவது சிவப்புச் சாயம் தடவி, துடைச்சு, வெள்ளைப் பவுடர் அடிச்சுப் பார்க்கிறது. ஆறும் சுத்தம். லாரி கேட்ல நிக்குது. டிஸ்பாட்ச் சார் வந்து, "டெஸ்ட்தான் பாஸாயிடுச்சேம்மா, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க, லாரிக்கு வெயிட்டிங் சார்ஜ் ஏறுது"ன்னு நிக்கிறாரு. க்யூசி பார்த்துக்கிட்டிருந்த அக்கா பேனாவையே எடுக்கல. "சார், 48 மணி நேரம் ஆகட்டும். திங்கக்கிழமை யூடி பார்த்துட்டுத் தரேன். லாரியைத் திருப்பி அனுப்பிடுங்க"ன்னாங்க. அவருக்குக் கோபம். மேலிடத்துக்குப் போன் போச்சு. அக்கா அசையல.

எனக்குப் புரியாம பக்கத்துல இருந்த சீனியர் வெல்டர் அண்ணனைக் கேட்டேன். அவர் பீடியை அணைச்சுக்கிட்டே, "தம்பி, பகல்ல ஒண்ணும் தெரியாது. ராத்திரி ஷெட்ல ஆளில்லாதப்ப டிங்குனு ஒரு சத்தம் வரும். அதுதான் அது"ன்னாரு. ஹைட்ரஜன்ங்கிற வார்த்தையை அவர் சொல்லல. ஆனா விஷயம் அவருக்குத் தெரியும்.

திங்கக்கிழமை காலையில அல்ட்ராசோனிக் மெஷினை வெச்சுப் பார்த்தாங்க. ஆறுல ரெண்டுல வெல்டு ஓரத்துக்குக் கீழே, தகட்டுக்குள்ள விரிசல். மேலே இருந்து பார்த்தா முடி அளவு கூடத் தெரியாது.

காரணம் தேடினப்ப மூணு சின்ன விஷயம் கிடைச்சது. மழையால ராடு ஓவன்ல கரண்ட் போயிட்டு வந்திருக்கு. தகட்டை முன்கூட்டி சூடாக்கணும்னு எழுதியிருந்தது; அதை கேஸ் டார்ச்சை வெச்சு ஒரு பக்கம் மட்டும் செஞ்சிருக்காங்க. முடிச்சதும் கல்நார் போர்வை போத்தாம மழைக் காத்துல அப்படியே விட்டிருக்காங்க. தனித்தனியா பார்த்தா ஒவ்வொண்ணும் சின்ன விஷயம்தான். மூணும் சேர்ந்தது ரெண்டு பிராக்கெட்ல.

அந்த ரெண்டையும் தோண்டி எடுத்துத் திரும்ப வெல்டு பண்ணாங்க. டெலிவரி ஒரு வாரம் தள்ளிப்போச்சு. இதுல எனக்கு இன்னைக்கும் உறுத்துற விஷயம் வேற. அந்த வெல்டர்கள் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்றவங்க. திரும்பச் செஞ்ச ஒரு வாரத்துக்கு அவங்களுக்குக் கூலி வரல. 200 டிகிரிக்குச் சூடாக்கின தகட்டுப் பக்கத்துல, லெதர் ஜாக்கெட் போட்டுக்கிட்டு, செங்கல்பட்டு வெயில்ல உக்காந்து வேலை செய்யணும்னா அது சாதாரண வேலை இல்ல. சீக்கிரம் முடிச்சாத்தான் காசுங்கிற முறையில, "மெதுவா பண்ணு, சூடு பண்ணு, காத்திரு"ன்னு சொல்ற விதி எல்லாமே அவங்க பாக்கெட்ல கை வைக்குது. ஓவனுக்கு கரண்ட் பேக்கப் வைக்காதது அவங்க இல்ல. ஆனா விலை குடுத்தது அவங்க. ஹைட்ரஜன் விரிசலை மெட்டலர்ஜி புக்ல படிக்கும்போது இந்தப் பக்கம் வராது.

மெல்போர்ன்ல ஒரு காலை

இந்த 48 மணி நேரத்தை மதிக்கலன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு உலகத்துல ஒரு பெரிய பாடம் இருக்கு. ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் நகரத்துல கிங்ஸ் பிரிட்ஜ். 1961-ல திறந்தாங்க. 1962 ஜூலை 10, அங்க அது குளிர்காலம். சுமார் 45 டன் எடையில ஒரு வண்டி ஏறினதும், ஒரு ஸ்பேனைத் தாங்கின நாலு இரும்பு கர்டரும் உடைஞ்சது. கீழே இருந்த சுவர்கள் தாங்கிக்கிட்டதால பாலம் முழுசா விழல. யாரும் சாகல.

ராயல் கமிஷன் விசாரிச்சது. கர்டரோட அடிப்பக்கத்துல கூடுதல் பலத்துக்கு ஒரு தகடு வெச்சு வெல்டு பண்ணியிருந்தாங்க. அந்தத் தகடு முடியுற இடத்துல, வெல்டு ஓரத்துல விரிசல்கள். சிலது பாலம் திறக்கும் முன்னாடியே இருந்தவை. அதிகக் கார்பன், மாங்கனீஸ் இருந்த ஹை டென்சைல் இரும்பு, அதுக்கு ஏத்த கவனம் இல்லாத வெல்டிங், உள்ளே மாட்டின ஹைட்ரஜன். அப்புறம் ஒரு குளிர்ந்த காலை, ஒரு கனமான வண்டி. விரிசல் பொறுமையா பதினஞ்சு மாசம் காத்திருந்தது.

வெல்டிங் இல்லாமலும் ஹைட்ரஜன் உள்ளே வரும்னு ஒரு உதாரணம். 2013-ல சான் பிரான்சிஸ்கோ பே பிரிட்ஜோட புதுப் பகுதிக்குப் போட்ட 96 பெரிய ஆங்கர் ராடுகள்ல 32, முறுக்கி இறுக்கின சில நாள்லயே உடைஞ்சது. கால்வனைஸ் பண்ணின, ரொம்பக் கடினமான இரும்பு. தண்ணி தேங்கின குழிக்குள்ள நின்னிருந்தது. அங்கயும் அதே மூணு பேர்தான். கடினம், இழுவிசை, ஹைட்ரஜன்.

கல்பாக்கம் என்ன செஞ்சது?

திரும்ப நம்ம ஊருக்கு வருவோம். அந்த 547 ட்யூபும் எந்த இரும்பு? மாடிஃபைடு 9 குரோம் 1 மாலி. அதாவது 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம். 500 டிகிரி பக்கத்துலயும் பலம் குறையாத இரும்பு. ஆனா அதுக்கு ஒரு குணம் இருக்கு. சும்மா காத்துல ஆறினாலே மார்ட்டென்சைட்டா மாறிடும். தண்ணில முக்கவே வேண்டாம். அதாவது மூணு காரணத்துல ரெண்டாவது கூடவே பிறந்தது. இழுவிசையும் தவிர்க்க முடியாது. மிச்சம் கையில இருக்கிறது ஹைட்ரஜனும் சூடும் மட்டும்தான்.

அதனால வழிமுறை இப்படி. முதல்ல, வெல்டு பண்றதுக்கு முன்னாடியே 200, 250 டிகிரிக்குச் சூடாக்கி, வேலை முடியுற வரைக்கும் அந்தச் சூட்டை விடாம பிடிச்சு வைக்கிறது. அந்தச் சூட்டுல ஹைட்ரஜன் வேகமா ஓடும், விரிசல் வராம வெளியேறும். ரெண்டாவது, முடிச்சதும் அதே சூட்டுலயோ கொஞ்சம் கூடுதலாவோ சில மணி நேரம் வெச்சிருக்கிறது. ஜான்சன் 1875-ல கம்பியைச் சூடாக்கினாரே, அதேதான். மூணாவது, 760 டிகிரி வாக்குல பதப்படுத்துறது. மார்ட்டென்சைட்டோட முரட்டுத்தனம் குறையும், உள்ளே இருக்கிற இழுவிசையும் தளரும். டௌன்ரேல கசிஞ்ச இணைப்புகளுக்கு இந்த மூணாவது படி செய்யப்படல. அந்தப் பாடம் கல்பாக்கத்துக்கு உதவியிருக்கு.

எந்த இரும்பு எவ்வளவு ஹைட்ரஜனைத் தாங்கும், எத்தனை டிகிரிக்குச் சூடாக்கினா போதும்னு அளந்து பார்க்கிற வேலையை அந்த ஆராய்ச்சி மையத்துலயே வருஷக்கணக்கா செஞ்சிருக்காங்க. அளக்கிறதும் லேசு இல்ல. வெல்டு முடிஞ்ச துண்டை உடனே ஐஸ் தண்ணில போட்டு, உறைய வெச்சு, ஹைட்ரஜன் ஓடிப்போகாம காப்பாத்தணும். அப்புறம் பாதரசத்துக்குள்ள வெச்சு, குமிழி குமிழியா வர்ற வாயுவை நாள்கணக்கா சேர்க்கிறது பழைய முறை. துண்டைச் சூடாக்கி, வர்ற ஹைட்ரஜனை ஒரு சென்சார் வெச்சுச் சீக்கிரம் அளக்கிற முறையைப் பத்தி கல்பாக்கத்து விஞ்ஞானிகள் 2010-கள்ல கட்டுரை வெளியிட்டிருக்காங்க.

இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச திருப்பம் ஒண்ணு இருக்கு. வெல்டுக்குள்ள எதிரியா இருக்கிற அதே ஹைட்ரஜன், உலை ஓடும்போது காவல்காரன் ஆயிடுது. எங்கயாவது ஒரு ட்யூப்ல ஊசிமுனை ஓட்டை விழுந்தா, தண்ணி சோடியத்தோட சேர்ந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். அது சோடியத்துல கரைஞ்சு ஓடும். அதைப் பிடிக்க மெல்லிய நிக்கல் சுவர் வெச்ச டிடெக்டர்கள். சோடியம் நிக்கலைத் தாண்டாது, ஹைட்ரஜன் தாண்டிடும். நூறு கோடியில சில பத்துப் பங்குங்கிற அளவுல இருக்கிற ஹைட்ரஜன் கொஞ்சம் கூடினாலே அலாரம் அடிக்கும். இரும்புக்குள்ள புகுந்து போற அந்தத் திருட்டுக் குணத்தைத்தான் இங்க வேலைக்கு வெச்சிருக்காங்க.

பட்டறைக்காரங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சது

இதெல்லாம் அணு உலைக்காரங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. ஈசிஆர் ஓரத்துப் பட்டறையில போய் நின்னு பாருங்க.

கிரில், கேட், ஷெட்டு எல்லாம் மைல்டு ஸ்டீல். கார்பன் கம்மி, தகடும் மெல்லிசு. சாதாரண 6013 ராடு போதும். ஹைட்ரஜன் உள்ளே போனாலும் பிடிச்சு உடைக்கக் கடினமான இடம் இல்ல. உங்க பால்கனி கிரில்லை நினைச்சு இன்னைக்கு ராத்திரி தூக்கம் கெட வேண்டாம்.

ஆனா லாரி பட்டை, ஆக்ஸில், ஹை டென்சைல் போல்ட், டிராக்டர் கொக்கி வந்தா நல்ல மேஸ்திரி முகம் மாறும். சிலர் "இதுல வெல்டு வைக்க மாட்டேன், மாத்திடுங்க"ன்னு சொல்லிடுவாங்க. பட்டை விஷயத்துல அதுதான் சரியான பதில். சில பாகங்களுக்கு எஸ்எஸ் ராடு எடுப்பாங்க. "எஸ்எஸ் அடிச்சா பிளக்காது"ன்னு சொல்வாங்க. ஏன்னு கேட்டா அனுபவம்பாங்க. விஞ்ஞானம் சொல்ற காரணம், அந்த எவர்சில்வர் வகை இரும்பு ஹைட்ரஜனை நிறைய கரைச்சு வெச்சுக்கும், ஆனா நகர விடாது. பக்கத்துல இருக்கிற கடினமான ஓரத்துக்கு ஹைட்ரஜன் போய்ச் சேராது. வார்ப்பிரும்பை ஒட்டினதும் சாம்பல்லயோ மணல்லயோ புதைச்சு வைக்கிறதும் மெதுவா ஆறட்டும்னுதான். அதே காரியத்தை ஃபேக்டரியில போர்வை போத்திச் செய்றாங்க.

பெரிய சைட்டுகள்ல 7018 ராடு. ஹைட்ரஜன் குறைஞ்ச ராடுன்னு பேர். ஆனா பாக்கெட்டைப் பிரிச்சு ஈரக் காத்துல வெச்சா அந்தப் பேருக்கு அர்த்தமே இல்ல. அதுக்குத்தான் மதர் ஓவன். 260 டிகிரிக்கு மேல ரெண்டு மணி நேரமாவது வறுத்து, அப்புறம் சூடான ஓவன்லயே வெச்சு, வெல்டர் கையில ஒரு சின்னப் பெட்டியில, சூடா இருக்கும்போதே குடுக்கணும். நம்ம கடலோரத்துல இது சம்பிரதாயம் இல்ல, தேவை.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

இதுவரைக்கும் ஹைட்ரஜன் தப்பித் தவறி இரும்புக்குள்ள வந்த கதை. இனிமே நாமளே அதைக் குழாய்ல அனுப்பப்போறோம். தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு மத்திய அரசு 2023 ஜனவரியில 19,744 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் குடுத்தது. 2030-க்குள்ள வருஷத்துக்கு 50 லட்சம் டன் தயாரிக்கணும்னு இலக்கு. நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துலயே, தையூர்ல இருக்கிற ஐஐடி மெட்ராஸ் வளாகத்துல ஹைட்ரஜன் ஆராய்ச்சி மையம் வரப்போறதா அறிவிச்சிருக்காங்க.

தயாரிச்ச ஹைட்ரஜனை டேங்க்ல வைக்கணும், குழாய்ல அனுப்பணும். குழாய்னா வெல்டு. வெல்டு ஓரம்னா கடினமான இடம். உள்ளே அழுத்தம்னா இழுவிசை. ஹைட்ரஜன் எப்பவும் பக்கத்துலயே நிக்கும். மூணு பேரும் நிரந்தரமா ஒரே வீட்டுல குடியிருக்கப்போறாங்க. அதனால ஹைட்ரஜன் குழாய்கள்ல வெல்டோட கடினத்தன்மைக்குச் சாதாரணக் குழாயை விடக் கண்டிப்பான வரம்பு வைக்கிறாங்க. இந்த வேலைக்குப் படிச்ச இன்ஜினியர் மட்டும் போதாது. ராடை ஓவன்ல வைக்கிற ஹெல்பர்ல இருந்து, சனிக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போடாத க்யூசி வரைக்கும் எல்லாரும் வேணும்.

இதைக் கேக்கிறவங்கள்ல காட்டாங்குளத்தூர்லயும், கேளம்பாக்கத்துலயும், மறைமலை நகர்லயும் படிச்சுக்கிட்டு, இன்டர்ன்ஷிப் போகப்போறவங்க நிறையப் பேர் இருப்பீங்க. சைட்டுக்குப் போனா மூணு கேள்வி கேளுங்க. ராடு எங்க இருந்து எடுத்தாங்க, ஓவன்லயா தரையிலயா? தகட்டோட சூட்டை யாராவது சாக்பீஸ் வெச்சுப் பார்த்தாங்களா? வெல்டு முடிஞ்சு எத்தனை மணி நேரம் கழிச்சு டெஸ்ட் பண்ணாங்க? நாலாவதா ஒண்ணு, இது பாடப் புத்தகத்துல இருக்காது. காத்திருக்கிற நேரத்துக்கு வெல்டருக்குக் கூலி உண்டா? இந்த நாலாவதுக்கு "ஆமா"ன்னு பதில் வர்ற சைட்ல, முதல் மூணுக்கும் பெரும்பாலும் நல்ல பதில்தான் கிடைக்கும்.

அவ்வளவுதான் மக்களே, இன்னைக்கு எபிசோட். உங்க ஊர்ப் பட்டறையில இந்த மாதிரி காரணம் சொல்லத் தெரியாம, ஆனா சரியா செய்ற வழக்கம் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. காரணத்தைத் தேடிப் பார்த்து இன்னொரு எபிசோட்ல பேசுவோம்.